உள்ளே ஆள் இல்லை

இபதான், நைஜீரியா
18 ஜனவரி 2025

தம்பி பகலவனுக்கு,

பொங்கலன்று வாழ்த்துச் சொல்லத்தான் போன் செய்தேன். கரும்பு விலையில் ஆரம்பித்து அப்பாவில் வந்து நின்றோம், நீ வைத்துவிட்டாய். இனி எழுதுகிறேன். எழுத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது.

இது வேலை விஷயம். நான் இங்கே கண்காட்சி நடத்தும் மொரெனிகேயிடம் செய்வது என்ன என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, அதனால் நானே சொல்கிறேன். யொரூபா மக்களிடம் எகுன்குன் என்று ஒன்று உண்டு. செத்துப்போன முன்னோர் வருடத்துக்கு ஒருமுறை தெருவுக்கு வருவார்கள். தலை முதல் கால் வரை துணி. முகம், கை, கால் எதுவும் தெரியாது. கண் இருக்கிற இடத்தில் வலை மாதிரி ஒரு பின்னல். மேலிருந்து கீழ்வரை பட்டைப் பட்டையாகத் துணி தொங்கும். ஒவ்வொரு தலைமுறையும் அதன்மேல் புதிதாகத் தைத்துச் சேர்க்கும். முன்னோர் சுழன்றால் பட்டைகள் எல்லாம் விரியும், அந்தக் காற்று மேலே பட்டால் நல்லது என்று ஜனங்கள் நெருங்கி நிற்பார்கள்.

ஓஜெவாலே என்பவரின் குடும்பத்தில் பழைய எகுன்குன் துணி ஒன்று இருக்கிறது. பூச்சி அரித்துவிட்டது, இனி யாரும் அணிய முடியாது. அதைத் திரையில் ஆட வைக்க வேண்டும். ஜூலையில் திருவிழா, அதற்குக் கண்காட்சி. அந்தக் குடும்பம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறது: உள்ளே ஆள் இருப்பதாக எங்கேயும் காட்டக் கூடாது. படத்திலும் கூடாது, குறிப்பிலும் கூடாது. மீறினால் துணியை எடுத்த படங்களைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். இவர்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கும் மற்றக் குடும்பங்களும் வராது. இரண்டு வருடம் வாசல் வாசலாக நின்று வாங்கிய நம்பிக்கை இது.

துணி அசைவில் உன்னை அடிக்க எனக்குத் தெரிந்து ஆளில்லை. கும்பகோணத்துக் கடை விளம்பரத்தில் நீ கம்ப்யூட்டரில் பறக்கவிட்ட பட்டுப்புடவையை மொரெனிகேயிடம் காட்டினேன், அவள் அதை நிஜப் புடவை என்று நினைத்தாள். செய்வாயா?

எழில்மொழி

•

நீடாமங்கலம்
26 ஜனவரி 2025

அக்கா,

நலமா என்று நீ கேட்கவில்லை, அதனால் நானும் கேட்கவில்லை. அம்மா கேட்டார்: "அவ ஒழுங்கா சாப்புடுறாளா, இல்ல அங்கயும் ரொட்டியக் கடிச்சிக்கிட்டு கெடக்குறாளா?" பதில் எழுது, அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

சம்பா அறுவடை நடக்கிறது. மழையில் சாய்ந்த கதிரை மெஷின் பாதிதான் வாரியது. மீதியை அம்மாவே குனிந்து அறுக்கிறார், சொன்னால் கேட்பதில்லை.

நீ எழுதியதை இருமுறை படித்தேன். சிரிப்பு வந்தது. நம் அப்பா யார் அக்கா? கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடை ஏறி, வெறுங்கையிலிருந்து விபூதி வரவழைத்து, கூட்டம் வாயைப் பிளக்கும் நேரத்தில் விரலிடுக்கில் ஒளித்திருந்த உருண்டையை எடுத்துக் காட்டியவர். "இவ்வளவுதாய்யா விஷயம், வீட்டுக்குப் போயி புள்ளைய படிக்க வைங்க" என்று முடிப்பார். அந்த அரசப்பனின் மகள், துணிக்குள் ஆளே இல்லை என்று சத்தியம் செய்துகொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். அங்கே பெண்கள் அந்தத் துணியைத் தொடலாமா என்பதையும் எழுது. எனக்கென்னவோ சந்தேகம்.

வேலையைச் செய்கிறேன். துணிக்காகச் செய்கிறேன், உனக்காக இல்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொள். துணி தானாக அசையாது. உள்ளே ஓர் உடம்பு நடந்து, திரும்பி, இடித்தால்தான் கம்ப்யூட்டர் துணியை அசைக்கும். ஆகவே உன் நிபந்தனைக்காரர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் உள்ளே ஆள் இருக்கத்தான் போகிறான்.

பகலவன்

•

இபதான்
12 பிப்ரவரி 2025

பகலவனுக்கு,

சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல். இங்கேயும் சோறுதான், காரமும் நம்மூரைவிடக் கூடுதல்.

உன் சந்தேகம் சரி. பெண்கள் தொடக் கூடாது. படம் எடுக்கும் நாளில் நானும் மொரெனிகேயும் ஓஜெவாலே வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றோம். எந்தக் கோணத்தில், எவ்வளவு வெளிச்சத்தில் எடுக்க வேண்டும் என்று நான் வெளியிலிருந்து கத்த, ஓஜெவாலே உள்ளே எடுத்தார். அவர் டயர் கடை வைத்திருக்கிறார். அண்ணன் லண்டனுக்குப் போய்விட்டதால் சின்ன வயதிலேயே குடும்பத்துக்குத் தலைவராகிவிட்டார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இதற்கா அப்பா என்னைப் படிக்க வைத்தார் என்று தோன்றியது. மொரெனிகேயும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றாள். "இந்தச் சண்டையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ வெளிச்சத்தைப் பார்" என்றாள்.

ஆனால் ஒன்றைப் பார்த்தேன். போன வருடத் திருவிழாவில் ஒரு பெண் எகுன்குன் முன்னால் மண்டியிட்டு, வேலை போன புருஷனைப் பற்றி, அவன் வீட்டில் எல்லாரையும் கடித்துக் குதறுவதைப் பற்றி அழுது சொன்னாள். துணிக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு குரல் பதில் சொன்னது. அவள் சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். உள்ளே இருப்பது பக்கத்துத் தெருக்காரனாக இருக்கலாம். அது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரிந்துதான் யாரும் சொல்வதில்லை. பக்கத்துத் தெருக்காரனிடம் அவள் அதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டாள்.

இதை நம்பச் சொல்லி உனக்கு எழுதவில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை. வேலைக்கு வேண்டிய உடம்பை வைத்துக்கொள், கடைசியில் சுத்தமாக எடுத்துவிடு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

எழில்

•

நீடாமங்கலம்
9 ஏப்ரல் 2025

அக்கா,

முடிந்தது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கோப்பு பெரியது, உங்கள் ஊர் கரண்டில் இறங்க நேரம் பிடிக்கும்.

இந்தத் துணி என்னைப் படாதபாடு படுத்திவிட்டது. புடவை ஒரே துணி, ஒரு பக்கம் பறந்தால் மறுபக்கம் கூடவே வரும். இதில் ஒவ்வொரு பட்டையும் தனித்தனி ஆள். கனமானது, மெல்லியது, ஜரிகை வைத்தது, சாக்கு மாதிரி இருப்பது. அடியில் இருக்கும் பழையதை மேலே இருக்கும் புதியது அமுக்குகிறது. கடையில் வாங்கிய உடம்புகளை உள்ளே வைத்துப் பார்த்தேன், எல்லாம் அழகிப் போட்டிக்குப் போகிற மாதிரி நடந்தன. துணிக்குக் கனமே வரவில்லை. பிறகு வேறொரு நடையை வைத்தேன், உடனே வந்துவிட்டது. சுழலும்போது நீயே பார், காற்று வீசுகிற மாதிரி இருக்கும்.

டேப்லெட்டில் தொடுகிற பதிப்பில் ஒன்று வைத்திருக்கிறேன். விரலை வைத்துச் சற்று நேரம் அழுத்து. தனியாக இருக்கும்போது முதலில் நீ பார். அது உனக்காக வைத்தது. கண்காட்சியிலும் அது இருக்க வேண்டும் என்பது என் கட்சி. உனக்குச் சம்மதம் இருக்காது என்று தெரியும், அந்தச் சண்டையைப் பிறகு சாவகாசமாகப் போட்டுக்கொள்ளலாம்.

உளுந்து பரவாயில்லை. அம்மா உனக்கென்று ஒரு டின்னில் எடுத்து வைத்திருக்கிறார். அதை எப்படி அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை, வைத்தவருக்கும் தெரியவில்லை.

பகலவன்

•

இபதான்
13 ஏப்ரல் 2025

பகலவன்,

உன் கடிதத்தைக் கூட்டம் முடிந்த பிறகுதான் படித்தேன். ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்து, கோப்பு இறங்கி முடிக்கும்போது ஓஜெவாலேயும் அவருடைய தம்பிகள் இருவரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்படியே போட்டேன். என் தப்பு அது ஒன்றுதான்.

பெரிய திரையில் துணி சுழன்றபோது அந்தத் தம்பிகள் எழுந்து நின்றுவிட்டார்கள். மொரெனிகே என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓஜெவாலே டேப்லெட்டை வாங்கித் தன் தாத்தா சேர்த்த நீலப் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். விரலை எடுக்க அவருக்கு மனசு வரவில்லை. துணி கண்ணாடி மாதிரி ஆனது.

உள்ளே அப்பா இருந்தார். கறுப்புச் சட்டை, மடித்துக் கட்டிய லுங்கி. வலது தோளைச் சற்றே தூக்கிக்கொண்டு அதே நடை.

ஓஜெவாலே டேப்லெட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனார். மறுநாள் ஆள் வந்து படங்களை எல்லாம் திருப்பிக் கேட்டான். எல்லாம் நின்றுபோய்விட்டது. மொரெனிகே என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

உனக்குச் சொல்ல வேண்டியது வேறு ஒன்று. போன ஜூனில் அப்பா இறந்த அன்று, நான் கிளம்பிவிட்டேன், ஒருநாள் வைத்திரு என்று கெஞ்சினேன். நீ அன்று சாயங்காலமே வண்டி ஏற்றித் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டாய். நான் வந்தபோது வீட்டில் அவர் செருப்புதான் இருந்தது. முகத்தைக்கூடப் பார்க்கவிடவில்லை என்று நான் இத்தனை மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது காட்டிவிட்டாய். வேற்று மனிதர்கள் நடுவில், அவர்கள் வீட்டு முன்னோர் துணிக்குள் வைத்துக் காட்டியிருக்கிறாய். நான் அழவும் முடியாமல், மன்னிப்புக் கேட்கவும் முடியாமல் நின்றேன். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

எழில்மொழி

•

நீடாமங்கலம்
2 மே 2025

அக்கா,

பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். ஒவ்வொரு தடவையும் என் பக்கத்து நியாயமாகவே வந்தது. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பைச் சீக்கிரம் கொண்டுவந்துவிடுங்கள் என்று கல்லூரியில் சொன்னார்கள். ஜூன் மாத வெயில், அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார், நான் அதன்படி செய்தேன். இன்னொரு தடவை வந்தாலும் அதைத்தான் செய்வேன். அதில் நான் மாறவில்லை.

அப்பாவின் உருவம் என்னிடம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஒரு புது மென்பொருளைச் சோதித்துப் பார்க்க, வாசலில் கையை விரித்து நிற்க வைத்துச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தேன். "என்னடா இது, சோளக்கொல்ல பொம்மையா நானு" என்று திட்டிக்கொண்டே நின்றார். நடக்கவும் சொன்னேன். அது கம்ப்யூட்டரில் அப்படியே கிடந்தது. உன் துணிக்கு எந்த உடம்பும் சரிப்படாதபோதுதான் எடுத்தேன்.

அதன்பிறகு நடந்ததை உனக்கு எழுதவில்லை. அப்பா திரையில் நடந்துகொண்டிருந்தபோது அம்மா டீ கொண்டுவந்தார். நான் மறைக்கப் பார்த்தேன். "இருக்கட்டுமே, நடக்கட்டும். சக்கரைக்கு நட நடன்னு டாக்டர் சொன்னப்ப கேக்காத மனுசன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மறுநாளிலிருந்து தினமும் வந்தார். மோட்டார் காயில் கருகியது, உளுந்தில் மஞ்சள் நோய் விழுந்தது, நீ போன் செய்யாதது எல்லாவற்றையும் திரையிடம் சொல்வார். திரும்பி என்னிடம் ஒன்றும் பேசமாட்டார். அம்மா, அது வெறும் படம் என்று நான் சொல்லவில்லை. அரசப்பன் மகன், சொல்லவில்லை.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு ஆத்திரம். கோப்பிலிருந்து அப்பாவை வேகமாக எடுத்துவிடலாம் என்று, அம்மா உட்கார்ந்திருந்ததைக் கவனிக்காமல் ஒரு பித்தானைத் தட்டினேன். அப்பாவின் தோல், சட்டை எல்லாம் போய் வெறும் கம்பி வலையாக நடந்தார். அம்மா என்னைப் பார்த்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு இந்த அறைக்கு வரவில்லை.

உன் டயர் கடைக்காரர் எப்படி எழுந்து போயிருப்பார் என்று இப்போது எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் நான் செய்தது அதுதான். அந்தப் பெண்ணைப் பற்றி நீ பிப்ரவரியிலேயே எழுதியிருந்தாய், நான் படித்துவிட்டுத் துணி வேலையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது, உன்னுடையது இல்லை. அவரிடம் அப்படியே சொல். உடம்பையும், தொட்டால் விலகுவதையும் நீக்கிய கோப்பு இத்துடன் வருகிறது. வெறும் துணி மட்டும்தான் இருக்கிறது.

பகலவன்

•

இபதான்
25 மே 2025

தம்பிக்கு,

உன் கடிதத்தை மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டு நானும் மொரெனிகேயும் ஓஜெவாலேயின் டயர் கடைக்குப் போனோம். லாரி டயர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். காத்திருந்தோம். கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதைப் படித்தார். நான் எதிர்பார்த்த எதையும் அவர் கேட்கவில்லை.

"உள்ளே இருந்தது யார்?" என்றார்.

என் அப்பா என்றேன். பெயரைக் கேட்டார், சொன்னேன். அரசப்பன் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். எங்கே அடக்கம் செய்தீர்கள் என்றார். செய்யவில்லை, மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டோம், மாணவர்கள் அறுத்துப் பார்த்துப் படிப்பார்கள், அவரே விரும்பிக் கேட்டது என்றேன். தான் கேட்டது சரிதானா என்று மொரெனிகேயிடம் யொரூபாவில் விசாரித்தார். அவள் ஆமாம் என்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அப்படியானால் உன் தம்பி செய்தது எனக்குப் புரிகிறது. உங்கள் வீட்டில் திறந்து பார்ப்பது மரியாதை. எங்கள் வீட்டில் மூடி வைப்பது மரியாதை. அவன் எங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் வீட்டு மரியாதையைச் செய்துவிட்டான்."

அப்பாவை இவ்வளவு சரியாக நம் சொந்தக்காரர்கள்கூடப் புரிந்துகொண்டதில்லை, பகலவா. ஊரில் பாதிப் பேர் அப்பாவை அனாதைப் பிணம் மாதிரி அனுப்பிவிட்டோம் என்றுதானே பேசினார்கள்.

ஓஜெவாலே அதோடு விடவில்லை. கோப்பிலிருந்து எடுத்தால் மட்டும் போதாது, கூப்பிடாமல் வந்திருந்தாலும் வந்தவரை முறைப்படி வழியனுப்ப வேண்டும், அதை அவருடைய பிள்ளைதான் செய்ய வேண்டும் என்றார். போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். நான் நிற்க வேண்டிய இடம் அதே கேட்டுதான். கையில் ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தார்கள். தரையில் ஊற்றி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, உன் பாஷையிலேயே பேசு என்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா எங்காவது நின்று சிரிப்பார் என்று நினைத்தேன்.

"அப்பா, இது இவங்க துணி. நீங்க வெளிய வாங்க. உங்கள அனுப்பி வைக்க அன்னைக்கு நான் இல்ல. இன்னைக்கு இருக்கேன். போய்ட்டு வாங்கப்பா" என்றேன். அதற்குமேல் வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு வருடமாக அழாததையும் சேர்த்து அழுதேன். யாரும் என்னைத் தேற்ற வரவில்லை, அது நல்லதாகப் போயிற்று.

படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வேலை நடக்கும். அவர்கள் துணி அவர்கள் நடையில்தான் ஆட வேண்டும் என்பதால், மூடிய முற்றத்தில் அவர்கள் வீட்டு ஆள் ஒருவர் அசைவை அளக்கும் உணரிகளை உடம்பில் கட்டிக்கொண்டு நடந்து பதிவுசெய்து கொடுத்திருக்கிறார். கோப்பில் பெயர் இல்லை. உனக்கு அனுப்பியிருக்கிறேன். கண்காட்சியில் ஒன்று எழுதி வைக்கச் சொன்னார்கள்: துணியை அசையச் செய்தவர், நீடாமங்கலம் அரசப்பன் மகன் பகலவன். அப்பா பெயரோடுதான் எழுத வேண்டும் என்று ஓஜெவாலே கறாராகச் சொல்லிவிட்டார்.

அப்பாவின் கோப்பை அழித்துவிடாதே. அம்மாவைப் போய்க் கூப்பிடு.

அக்கா

•

நீடாமங்கலம்
20 ஜூன் 2025

அக்கா,

கூப்பிட்டேன். முதலில் வரவில்லை. "நீ மறுபடி எதையாவது தட்டித் தொலைப்ப" என்றார். கீபோர்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுக் கூப்பிட்டேன், வந்தார். மேட்டூர் திறந்தாயிற்று, நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் இன்னும் வரவில்லை. அதை அப்பாவிடம் சொல்லிப் பொதுப்பணித்துறையைத் திட்டிக்கொண்டிருக்கிறார். நான் வெளியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

துணிவேலை முடிந்தது. அவர்கள் கொடுத்த நடை வேறு மாதிரி. இடது குதிகால் சற்று இழுக்கிறது, திரும்பும் முன் ஒரு கணம் நிற்கிறது. அந்த நிற்றலில்தான் பட்டைகள் எல்லாம் அடங்கி, பிறகு ஒன்றாக விரிகின்றன. அப்பாவின் நடையில் இது வரவே இல்லை. நடந்தது யார் என்று நான் கேட்கவில்லை. நீயும் எழுத வேண்டாம்.

இன்னொரு விஷயம். மருத்துவக் கல்லூரியிலிருந்து பேசினார்கள். மாணவர்கள் படித்து முடித்துவிட்டார்களாம். மிச்சமிருப்பதை அவர்களே எரியூட்டிவிடுவார்கள், குடும்பத்தார் விரும்பினால் வந்து வாங்கிக்கொள்ளலாம், அடுத்த மாதத்துக்குள் சொல்லுங்கள் என்றார்கள். அப்பா எழுதி வைத்த தாளை எடுத்துப் பார்த்தேன். கொடுப்பதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை.

ஆகவே இதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அம்மாவிடம் கேட்டேன், "அவ வரட்டும்" என்றார். கல்லூரியிலும் அதையே சொல்லிவிட்டேன்: அக்கா வெளியூரில் இருக்கிறார், அவர் வராமல் ஒன்றும் செய்ய வேண்டாம்.

கண்காட்சி முடிந்ததும் கிளம்பி வா. இந்தத் தடவை வைத்திருக்கிறேன்.

தம்பி
பகலவன்